நமது ஞாயிறு ஹீலிங் வட்டம்: என் விளக்கம்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது. செய்தி மடலுக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)

லிப்ட் இன்றைக்கும் வேலை செய்யவில்லை. மூன்றாவது மாடியிலிருந்து படி இறங்கி வந்தவர்களுக்கு ஒரு வணக்கம்.

எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கம்யூனிட்டி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மாலை நான் நடத்தும் ஹீலிங் வட்டத்தைத் தொடரலாமா, நிறுத்தலாமா என்பதுதான் விஷயம். சங்கத்துக்கு இரண்டு கடிதம் வந்திருக்கிறது. ஒன்று, இது மூடநம்பிக்கை, படித்தவர்கள் குடியிருக்கும் இடத்தில் இது எதற்கு என்று கேட்கிறது. இன்னொன்று, இவ்வளவு நல்ல காரியத்தை ஏன் மூடி வைத்திருக்கிறீர்கள், வெளியாட்களையும் சேர்த்து, கட்டணம் வாங்கி, பேனர் வைத்துப் பெரிதாக நடத்தலாமே என்கிறது. இரண்டு பேருமே என் நண்பர்கள்தான். இரண்டு பேருக்கும் முழுதாக ஆமாம் சொல்ல என்னால் முடியாது.

முதலில் நான் இதற்குள் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் பி.காம். படித்தவன். முப்பத்தேழு வருடம் பேங்கில் கிளார்க். கவுண்டரில் உட்கார்ந்து பணம் எண்ணிய கை இது. என் மனைவிக்கு முடக்குவாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்காது, காபி டம்ளரைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆகும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போடும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, கூடவே போலிக் ஆசிட், அவ்வப்போது ரத்தப் பரிசோதனை என்று வருடக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதைத் தவிர எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அப்போது ஒருவர் சேலத்தில் ரெய்கி வகுப்பு நடக்கிறது என்றார். போனேன். முதல் நிலை, இரண்டாம் நிலை என்று சான்றிதழும் வாங்கினேன். மூன்றாவது நிலைக்குச் சொன்ன கட்டணத்தைக் கேட்டதும் பேங்க் புத்தி முழித்துக்கொண்டது. திரும்பி வந்துவிட்டேன்.

ரெய்கி ஜப்பானில் பிறந்தது. மிக்காவோ உசுயி என்பவர் 1922இல் தொடங்கி வைத்தது. நம் ஊர்ப் பக்கம் பிராணிக் ஹீலிங் என்று சொல்வார்களே, அதை ஏற்படுத்தியவர் பிலிப்பைன்ஸ் நாட்டில் பிறந்த சீன வம்சாவளிக்காரர் சோவா கோக் சுயி. அவருடைய முதல் புத்தகம் 1987இல் வந்தது. அதில் ஆளைத் தொடவே மாட்டார்கள். சற்றுத் தள்ளிக் கையை வைத்து வழித்து, பக்கத்தில் இருக்கும் உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் உதறுவார்கள். நமக்கு இன்னும் நெருக்கமானது வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை. 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கியவர். பிறகு ஆழியாறில் அறிவுத் திருக்கோயில் கட்டினார். நம்மில் பல பேர் போனை எடுத்ததும் "வாழ்க வளமுடன்" சொல்வது அவரிடமிருந்து வந்த பழக்கம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் எனக்கு ஒருவர் கை வைத்துப் பார்த்திருக்கிறார். அதைச் சொல்லாமல் விட முடியாது.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு மலையடிவாரத்தில் வேலை. ஐ.ஆர்.டி.பி. கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஆடு வாங்கியவர் வீட்டில் ஆடு இருக்கிறதா என்று பார்க்க பீல்டு ஆபீசர் கல்வராயன் மலைக்குப் போவார், எழுதிக்கொள்ள என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஜாகிர்தார்கள் பிடியிலிருந்து அந்த மலையை அரசாங்கம் எடுத்தது 1976இல்தான். நாங்கள் போனபோது பேங்க் என்றாலே அங்கே பயம். கையெழுத்து கேட்டால் நிலத்தை எழுதி வாங்க வந்திருக்கிறோம் என்று நினைப்பார்கள். அங்கே இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். கேரளத்துக்காரர்கள் இல்லை, மலையை ஆளுகிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ்தான். சாமை, தினை, மரவள்ளி, காட்டில் கடுக்காய். இதுதான் அப்போது அவர்கள் வருமானம்.

ஒரு நாள் மேலே இருக்கும்போது எனக்குக் குளிர்க்காய்ச்சல். இறங்க வண்டி இல்லை. ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையில் படுக்க வைத்தார்கள். அவர் வேப்பிலையால் தலையிலிருந்து கால் வரை நீவிவிட்டார், ஏதோ முணுமுணுத்தார், நெற்றியில் திருநீறு வைத்தார், கசப்பாக ஒரு கஷாயம் கொடுத்தார். அதற்குப் பிறகு ராத்திரி முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் கண் விழிக்கும்போதெல்லாம் அவர் கை என் நெற்றியில் இருந்தது. காலையில் சொன்னார்: "ரெண்டு நாளு பாரு தம்பி. எறங்கலன்னா கீழ ஆஸ்பத்திரிக்குப் போயிரு. இது என் கைக்கு அடங்குறதான்னு எனக்குத் தெரியாது." காய்ச்சல் இறங்கவில்லை. கீழே வந்து ரத்தம் பார்த்ததில் மலேரியா.

அந்தப் பாட்டி சொன்ன கடைசி வார்த்தையை, நான் சான்றிதழ் வாங்கிய வகுப்பில் ஒரு தடவைகூட யாரும் சொல்லவில்லை.

நமது வட்டம் ஆறு பேரோடு ஆரம்பித்தது. இப்போது பதினெட்டு, இருபது பேர் வருகிறார்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர் ஒருவர், பார்க்கின்சன் ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் ஒரு சகோதரி, மற்றபடி சர்க்கரை, பிரஷர், மூட்டு. ஆரம்பத்தில் நான் செய்தது இவ்வளவுதான்: வட்டமாக நாற்காலி போடுவது, கண் மூடி மூச்சைக் கவனிப்பது, ஒவ்வொருவர் தோளிலும் கை வைத்துச் சற்று நேரம் நிற்பது, கடைசியில் எப்படி இருக்கிறது என்று கேட்டு நோட்டில் எழுதுவது. நன்றாக இருக்கிறது என்றால் பச்சை மை. அப்படியே இருக்கிறது என்றால் நீலம். சிவப்பு மையை நான் வாங்கவே இல்லை. பேங்கில் இப்படி ஒரு லெட்ஜர் வைத்திருந்தால் ஆடிட்டர் என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

இங்கேதான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம் வருகிறது. கடிதம் எழுதிய இரண்டு பேருக்கும் இது தெரியாது.

மலையிலிருந்து ஒரு பெரியவர் வருவார். அந்தக் காலத்தில் எங்கள் கிளையில் கடன் வாங்கி, ஒரு தவணை தவறாமல் கட்டியவர். கச்சிராயபாளையம் பஸ்ஸில் வந்து இறங்குவார். பல வருடமாகச் சர்க்கரை. இரண்டு பாதத்திலும் ராத்திரியில் மிளகாய் அரைத்துத் தேய்த்த மாதிரி எரிச்சல், தூக்கமே இல்லை என்றுதான் முதலில் வந்தார். நான் அவர் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தேன். சில மாதத்தில், "பேங்க் சார், எரிச்சல் நல்லாக் கொறஞ்சிருக்கு" என்றார். பச்சை மை. அடுத்த மாதம், "இப்ப எரிச்சலே இல்ல சார்." பச்சை மையில் எழுதி அடியில் கோடும் போட்டேன். வட்டத்தில் எல்லோரும் கை தட்டினோம். அவர் சந்தோஷத்தில் அடுத்த வாரம் ஒரு பை நிறைய மரவள்ளிக் கிழங்கு கொண்டு வந்தார். சர்க்கரைக்காரர் சர்க்கரைக்காரர்களுக்குக் கொண்டு வந்த கிழங்கு, அதையும் வாங்கிக்கொண்டோம்.

எரிச்சல் போனதற்குக் காரணம் வேறு. சர்க்கரையால் நரம்பு கெடும்போது முதலில் எரியும், குத்தும். இன்னும் கெட்டுப்போனால் அந்த எரிச்சலும் நின்றுவிடும், ஏனென்றால் சேதி சொல்ல நரம்பு இல்லை. அவர் பாதம் மரத்துப் போயிருந்தது. அடியில் முள் குத்தியது அவருக்குத் தெரியவில்லை. வலி இல்லாததால் அவர் பார்க்கவில்லை. மூன்று ஞாயிறு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார், நானும் பார்க்கவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். நாலாவது வாரம் நாற்றத்தை வைத்து என் மனைவிதான் கண்டுபிடித்தாள். அரசு மருத்துவமனையில் இரண்டு விரலை எடுத்தார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் காலே போயிருக்கும் என்றார் டாக்டர்.

அவர் மாத்திரையை நிறுத்தவில்லை, நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை. சட்டப்படி என் மேல் ஒன்றும் வராது. ஆனால் நான் வரவு என்று எழுதியது செலவு. அதைக் கை தட்டி எழுதினேன்.

மூன்று வாரம் வட்டம் நடக்கவில்லை, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஹாலுக்கு வெள்ளை அடிக்கிறார்கள் என்று காரணம் சொன்னேன். வெள்ளை அடித்தது உண்மைதான், ஆனால் அது இரண்டு நாள் வேலை.

அந்த மூன்று வாரத்தில் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் எமிலி ரோசா என்று ஒரு பெண், ஒன்பது வயதில் பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காக ஒரு சோதனை செய்திருக்கிறாள். தொடாமலே உடம்பின் சக்தியைக் கையால் உணர முடியும் என்று சொன்ன 21 பேரை உட்கார வைத்து, நடுவில் ஒரு தடுப்பு. அவர்கள் இரண்டு கையையும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீட்ட வேண்டும். இவள் காசு சுண்டிப் பார்த்து, ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடிப்பாள். எந்தக் கை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 280 முறையில் 123 தான் சரி. நூற்றுக்கு 44. அது 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது.

லீவுக்கு என் பேத்தி வந்திருந்தாள். அவளுக்கும் பத்து வயது. பிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டித் தடுப்பு வைத்தோம். இருபது தடவை. எனக்கு ஒன்பது சரி. "தாத்தா, நான் கண்ண மூடிக்கிட்டு சொன்னாலும் பத்து வருமே" என்றாள். சான்றிதழை அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் படித்தேன், அது என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஹெர்பர்ட் பென்சன் என்று ஹார்வர்டு டாக்டர். தியானத்தால் உடம்பு தளர்ந்து அமைதியாகிறது என்பதை 1975லேயே புத்தகமாக எழுதியவர். நம் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் குழு, பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேரை வைத்துப் பிரார்த்தனையைச் சோதித்தது. 2006இல் முடிவு வந்தது. தனக்காகப் பிரார்த்தனை நடக்குமா நடக்காதா என்று தெரியாமல் இருந்தவர்களில், பிரார்த்தனை நடந்தவர்களுக்கும் நடக்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 52 சதவீதம், 51 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. நிச்சயமாக உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 59. ஏன் அதிகமானது என்று அவர்களுக்கே புரியவில்லை. நான் இதைப் படித்ததும் நம் வட்டத்தில் டயாலிசிஸ் போகும் நண்பரை நினைத்தேன். ஒவ்வொரு வாரமும் இருபது பேர் அவர் முகத்தையே பார்த்து "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டால், அவர் பரவாயில்லை என்று சொல்லியே ஆக வேண்டும். அவருக்கு அதுவும் ஒரு வேலை.

அப்படியானால் எதற்கு மறுபடி ஆரம்பித்தாய் என்று கேட்பீர்கள். அவர்கள்தான் ஆரம்பிக்கச் சொன்னார்கள். பார்க்கின்சன் இருக்கிற அண்ணன் சொன்னார்: "சார், வீட்டுல என்னைத் தொடுறவங்க சட்டை மாட்டிவிடத்தான் தொடுறாங்க." கீமோ எடுக்கும் சகோதரி, சொந்தக்காரர்கள் எல்லோரும் ஆறுதல் சொல்கிறார்கள், சும்மா உட்காருகிற ஆள் இங்கே மட்டும்தான் கிடைக்கிறார்கள் என்றார். ஞாயிறு ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன் என்று ஏழெட்டுப் பேர் சொல்கிறார்கள். என் மனைவியிடம் கேட்டால், "உங்க கை சூடா இருக்கு, அவ்வளவுதான். ஆனா வைங்க" என்கிறாள்.

பேங்கில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தக் கணக்கில் போடுவது என்று தெரியாத தொகையை அதில் போட்டு வைப்போம். லாபத்தில் சேர்க்கக் கூடாது. விவரம் கிடைக்கும் வரை அங்கேயே கிடக்க வேண்டும். இந்தத் தூக்கத்தையும் நிம்மதியையும் நான் இப்போது அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன். மூச்சைக் கவனித்ததாலா, யாரோ தோளைத் தொட்டதாலா, ஒரு மணி நேரம் டிவி இல்லாததாலா, தெரியாது. பிரபஞ்ச சக்தி என் கை வழியாகப் பாய்கிறது என்று மட்டும் இனி சொல்ல மாட்டேன்.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். கண் மூடுவதற்கு முன்னால் கண் திறந்து பார்ப்பது முதல் கால் மணி நேரம். மாத்திரை போட்டாச்சா, மாத்திரை தீர்ந்துவிட்டதா, அடுத்த செக்கப் எப்போது. மெத்தோட்ரெக்சேட் போடுகிறவர் இரண்டு பேர். வாரம் ஒரு முறை போட வேண்டியதைத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் எந்தக் கிழமை என்று கேட்டே எழுதுகிறோம். சர்க்கரை உள்ளவர்கள் செருப்பைக் கழற்றிக் கைக்கண்ணாடியால் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கண் சரியாகத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு கண்ணாடி என் செலவில் வாங்கி வைத்திருக்கிறேன். வலி குறைந்தது என்று யாராவது சொன்னால் கை தட்டுவதில்லை. உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்கிறோம்.

அதற்குப் பிறகுதான் மூச்சும் மௌனமும். தொடலாமா என்று ஒவ்வொரு வாரமும் கேட்டுவிட்டுத்தான் தொடுவது. பெண்களுக்குப் பெண்கள். டயாலிசிஸ் நண்பரின் பிஸ்டுலா இருக்கும் கையை யாரும் அழுத்தக் கூடாது. கீமோ சகோதரி மாஸ்க் போட்டு ஜன்னல் ஓரம். சளி, காய்ச்சல் இருப்பவர்கள் அந்த வாரம் வர வேண்டாம். பிராணிக் ஹீலிங்காரர்கள் செய்யும் இரட்டை இதய தியானத்தைச் சேர்க்கலாமே என்று ஒருவர் கேட்டார். கடுமையான பிரஷர், இதய நோய், கிளாகோமா உள்ளவர்கள் செய்ய வேண்டாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். நம் வட்டத்தில் அதைக் கழித்தால் மீதி இரண்டு பேர். அதனால் சேர்க்கவில்லை. உனக்கு நம்பிக்கை போதவில்லை, அதனால்தான் குணமாகவில்லை என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. இதைச் சொன்ன ஒருவரை நானே எழுந்து போகச் சொன்னேன், அவருக்கு இன்னும் என் மேல் கோபம்.

பேனர் விஷயம். நண்பர் ஒரு மாதிரி அடித்துக் கொண்டு வந்தார். சர்க்கரை, புற்றுநோய் எல்லாம் குணமாகும் என்று கலரில் போட்டிருந்தது. 1954ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மாய மருத்துவம் பற்றிய சட்டம் ஒன்று இருக்கிறது. இந்த மாதிரி நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்தாலே குற்றம், முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. தாயத்து, மந்திரம்கூட அதில் வரும். சட்டம் இருக்கட்டும். 2024 ஜூனில் கருணாபுரத்தில் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்களே, இந்த ஊரில் இருப்பவர்கள் அந்த வாரத்தை மறக்க முடியாது. உடம்பு வலிக்கு என்று குடிக்கிற கூலிக்காரர்கள் நம் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்தான். வலி போகும் என்று சொல்லி எதை விற்றாலும் வாங்க ஆள் இருக்கும். அதனால் கட்டணம் வேண்டாம், உண்டியல் வேண்டாம், கல், மணி, எண்ணெய் எதுவும் ஹாலில் விற்க வேண்டாம்.

மூடநம்பிக்கை என்று எழுதிய நண்பருக்கு: நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி சரி. ஒரு ஞாயிறு வந்து சும்மா உட்காருங்கள். உங்களுக்கும் பிரஷர் இருக்கிறது என்று உங்கள் வீட்டம்மா சொன்னார்கள்.

சங்கத்திடம் நான் கேட்பது ஞாயிறு மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை ஹால், இரண்டு பேன், இருபது நாற்காலி. கரண்ட் செலவை நான் கட்டிவிடுகிறேன், ரசீது போட்டுக் கொடுங்கள். நோட்டீஸ் போர்டில் "ஹீலிங்" என்ற வார்த்தையை எடுத்துவிட்டு "ஞாயிறு வட்டம்" என்று மட்டும் எழுதிவிடலாம் என்பது என் மனைவியின் யோசனை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் சரி. நோட்டைச் செயலாளர் எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம். இப்போது சிவப்பு மையும் இருக்கிறது. உடம்பு விவரம் என்பதால் பெயருக்குப் பதில் நம்பர்தான் போட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு உதவி. மலைக்காரப் பெரியவர் மறுபடி வர ஆரம்பித்துவிட்டார். என் மேல் அவருக்குக் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. கண்ணாடி வைத்து மற்றவர்கள் பாதத்தைப் பார்ப்பது இப்போது அவர் வேலை; என்னைவிடக் கவனமாகப் பார்க்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து அவரால் நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. அவர் பஸ் நாலரைக்கு வரும். எனக்குக் கண்ணில் ஆபரேஷன் செய்ய நாள் குறித்திருக்கிறார்கள், ஒரு மாதம் வண்டி ஓட்ட முடியாது. ஸ்கூட்டர் இருப்பவர்கள் யாராவது நாலு ஞாயிறு அவரைக் கூட்டி வந்து, திரும்பக் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட முடியும் என்றால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள்.